லிடியாவுக்கு வந்த மூன்று கடிதங்கள்

அத்தியாயம் பதினொன்று

நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் என் மகளின் படத்தைப் பார்த்து நானும் அவளும் நின்றுவிட்டோம் அல்லவா, போன வாரம் அங்கேதான் விட்டேன். "கிழவர் வேண்டுமென்றே அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்" என்று ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார். வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். எனக்கே மூச்சு வாங்கியது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. என் பெயர் அடெலினோ ஃபுர்ட்டாடோ. கடலுக்கு அப்பால் நான் பிறந்த தீவிலிருந்து வந்து இந்த ஹாமில்டன் நகரில் இறங்கியபோது எனக்கு இருபது வயது. இப்போது மூடிவிட்ட ஓர் இரும்பாலையில் முதலில் உலைக்கூடத்திலும், பிறகு முப்பத்தோரு வருடம் வாசல் காவலிலும் இருந்தேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மகன் டுவார்த்தேவுக்கு நாற்பத்திரண்டு, மகள் லிடியாவுக்கு முப்பத்தெட்டு. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு.

ஏழு வருடத்துக்கு முன்னால் டுவார்த்தே ஒரு குழு ஆரம்பித்தான். மலையடிக் கணினிக் கூட்டம் என்று பெயர். மாதம் ஒரு சனிக்கிழமை நூலக ஹாலில் கூடுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. தெரிந்தவர் தெரியாதவருக்கு புரோகிராம் எழுதச் சொல்லித் தருவார்கள். டுவார்த்தே தலைவன். லிடியா ஹால் பிடிப்பாள், நாற்காலி போடுவாள், பேச ஆள் தேடுவாள், எல்லோருக்கும் மெயில் அனுப்புவாள், காபி ஊற்றுவாள். தலைவர்கள் பேசிக்கொள்ளும் தனிக் குரூப்பில் மட்டும் அவள் கிடையாது. "போதும், இந்த மாதத்தோடு விலகுகிறேன்" என்று அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

அதற்கு மறுநாள்தான் நூலக முன்வாசலில் அந்தப் பலகை; காபிப் பாத்திரத்தோடு பக்கவாசலில் போய்வரும் எங்கள் கண்ணில் அதுவரை படவில்லை. "தலைமைக் குழு" என்று போட்டு நாலு படம். டுவார்த்தே, அவன் சிநேகிதர்கள் ட்ரெவர், கீத், நாலாவதாக லிடியா. அவள் படத்துக்குக் கீழே, "உறுப்பினர் நலன். குறைகள் இருந்தால் இவருக்கு எழுதுங்கள்" என்று ஒரு மெயில் முகவரி. அப்படி ஒரு முகவரி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

இனி சனிக்கிழமை.

காலை எட்டரைக்கு டுவார்த்தே வண்டியோடு வந்தான். அன்று ஆண்டுக் கூட்டம். அவன் இறங்கிக்கொண்டு புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள். ட்ரெவர்தான் என்று பேசி முடித்திருந்தார்கள்.

லிடியா முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் போய், காலிக் காபிப் பாத்திரத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி பாலம் தாண்டியது.

"எத்தனை மாசமா தொங்குது?" என்றாள்.

"காலங்காத்தால ஆரம்பிக்காத லிடியா."

"எத்தனை மாசம்?"

"பிப்ரவரியிலேர்ந்து."

"ஒன்பது மாசம். ஒன்பது மாசமா நான் தலைமைக் குழுவுல இருக்கேன். ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது."

டுவார்த்தே கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "நூலகத்துல புதுசா ஒரு விதி போட்டாங்க. தலைமையில எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்களா இருந்தா ஹால் சும்மா தரமாட்டாங்க. நான், ட்ரெவர், கீத். மூணு பேரும் நாற்பது வயசு ஆம்பளைங்க. ஃபாரத்துல நாலாவது கட்டம் காலியா இருந்துச்சு."

"அதுல என்னைப் பிடிச்சு ஒட்டிட்டே."

"பொய்யா எழுதினேன்? நீதானே எல்லா வேலையும் பாக்கறே!"

"பாக்கறேன்னு தெரியுதுல்ல? அப்போ உங்க குரூப்புல ஏன் சேக்கலை?"

"அது சும்மா அரட்டை. நாங்க மூணு பேரும் ஹாக்கி பத்திப் பேசறது."

"ட்ரெவர்தான் அடுத்த தலைவர்னு அந்த அரட்டையிலதானே முடிவாச்சு?"

அவன் சிக்னலைப் பார்த்தான். சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஒரு காகிதத்துக்கு ஏன் இந்தக் கூத்து? ஹால் கிடைச்சுதில்ல? விடு" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு இந்தப் பேச்சில் எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை. எல்லா விதமான மனிதரும் தலைமைக்கு வரவேண்டும் என்பார்கள். ஆலையிலும் இப்படி அட்டை எழுதித் தொங்கவிடுவார்கள். தொங்கவிட்டவர்கள் மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள், நாங்கள் உலைக்குப் போவோம். அட்டை என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஹாலுக்குப் போனதும் என் இடத்தில் நின்றேன். ஆறு வருடமாக அந்தக் கதவு என்னுடையது. ஓய்வு பெற்று வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனை டுவார்த்தேதான் கூப்பிட்டான். "அப்பா, வாசல்ல நில்லுங்க, உங்களைவிட யாருக்குத் தெரியும்" என்றான். ஹாலுக்கும் பின்னறைக்குமாக நூலகத்தார் தரும் ஒரே சாவியை என் சாவிக் கொத்தில் கோர்த்து இடுப்பில் மாட்டிக்கொள்வேன். மேசைமேல் இரண்டு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. வருகிறவர் பெயரைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நம்ம ஆட்களுக்கு நீலம், புதிதாக வருகிறவர்களுக்கு மஞ்சள். எனக்குச் சொன்னது அவ்வளவுதான். பட்டியல் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பார்த்தாலே எனக்குத் தெரியும்.

ஒன்பதரைக்கு வர ஆரம்பித்தார்கள். தாடி, முதுகில் பை, ஏதோ கம்பெனி பெயர் போட்ட பழைய பனியன். நீலம். இன்னொரு தாடி. நீலம். "என்ன மிஸ்டர் ஃபுர்ட்டாடோ, இன்னும் ரிட்டயர் ஆகலையா?" என்று ட்ரெவர் என் தோளில் தட்டிவிட்டுத் தானே நீலத்தைக் கிழித்துக்கொண்டு போனான்.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண். கறுப்பு நிறம், இழுத்துப் பின்னிய தலைமுடி, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கோட்டுக்குள்ளே ஏதோ ஹோட்டல் வேலை உடுப்பு தெரிந்தது.

"யாரைப் பாக்கணும்?" என்றேன்.

"மீட்டிங்குக்கு வந்தேன்."

"யார் கூட?"

"தனியாத்தான்."

"பேரு?"

"ராஹ்வா." ஓரெழுத்து ஓரெழுத்தாகச் சொன்னாள். எழுதி, மஞ்சள் ஸ்டிக்கரை நீட்டினேன்.

அவள் அதை உடுப்பில் ஒட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மேசைமேல் வைத்து முதல் அட்டையைத் திறந்தாள். உள்ளே வரிசையாக மஞ்சள் ஸ்டிக்கர்கள். எல்லாவற்றிலும் ராஹ்வா, ராஹ்வா என்று என் கையெழுத்து. இரண்டில் எழுத்துப் பிழை. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் மாதம் எழுதியிருந்தது. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பர் என்று எழுதிய இடம் காலி. அப்புறம் அக்டோபர். அதன் பக்கத்தில் இன்றைய ஸ்டிக்கரை வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"இது ஏழாவது, சார்" என்றாள்.

 "ஸ்டிக்கர் சேக்கற பழக்கமா?" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் நோட்டை மூடிக்கொண்டு நேரே காபி மேசைக்குப் போனாள். ஐந்தடி தூரம். அவர்கள் பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது.

லிடியா கப்பை எடுத்துவிட்டாள். "கறுப்புக் காபி, சர்க்கரை வேண்டாம். சரியா?"

"இதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு உங்களுக்கு."

"ஏன், தப்பா?"

"மூணு கடிதாசி எழுதினேன். ஒண்ணுக்காவது ஒரு வரி பதில் போட்டிருக்கலாம். ஒவ்வொரு மாசமும் சிரிச்சுக்கிட்டே காபியைத் தர்றீங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி. எப்படிங்க முடியுது உங்களால?"

லிடியா கையில் இருந்த கப் சாய்ந்து காபி மேசைத் துணியில் ஓடியது. அவள் துடைக்கவில்லை.

"எனக்கா எழுதினீங்க?"

"வெளியே பலகையில உங்க படம் இருக்கு. புதுசா சேர்றவங்களுக்கு வர்ற முதல் மெயில்லயே இருக்கு. பெண்ணா இருக்காங்களே, புரிஞ்சுப்பாங்கன்னுதான் எழுதினேன். இன்னிக்கு உங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இனிமே வரமாட்டேன்."

லிடியா சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. புதியவர்களுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து தானாகப் போகும் அந்த மெயில் அவளுக்கு எப்படி வரும்? அவள் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் அம்மா அமெலியா பிரசவ அறையில் மயங்கியபோதுதான் நான் அப்படி ஒரு வெளுப்பைப் பார்த்திருக்கிறேன்.

"பத்து நிமிஷம்" என்றாள் ராஹ்வாவிடம். "பத்தே நிமிஷம் இருங்க. போயிடாதீங்க."

ஹாலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவ ஒரு சின்ன அறை உண்டு. டுவார்த்தேயைக் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். கதவை விட்டுவிட்டு நான் போனது ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"பாஸ்வேர்டு" என்றாள்.

"எதுக்கு?"

"என் பேர்ல ஒரு மெயில் வெச்சிருக்கியே, அதுக்கு."

"கூட்டம் முடியட்டும் லிடியா. ட்ரெவர் மைக் பிடிச்சுட்டான்."

"இப்போ."

டுவார்த்தே என்னைப் பார்த்தான். "அப்பா, நீங்க கதவுக்குப் போங்களேன்."

"ஏன்?"

"சும்மா போங்கப்பா."

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. மகனானாலும் சரி. போ என்று சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கழுவுத்தொட்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

அவன் பாஸ்வேர்டைச் சொன்னான். சொல்லும்போது குரல் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் குரலாக இருந்தது. லிடியா போனில் தட்டினாள்.

"இருபத்தாறு மெயில் இருக்கு" என்றாள். "எனக்கு வந்த மெயில். இதுல ராஹ்வான்னு மூணு. ரெண்டு திறந்திருக்கு. நீ திறந்தியா?"

"ம்."

"அப்பா முன்னால படிக்க வேண்டாம்" என்று டுவார்த்தேவே உடனே சேர்த்துச் சொன்னான்.

அவள் முதல் கடிதத்தைச் சத்தமாகவே படித்தாள்.

"அன்புள்ள லிடியா, உங்கள் குழு எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று மாதமாக வருகிறேன். கதவில் ஒரு பெரியவர் நிற்கிறார். பழுப்புத் தொப்பி, இடுப்பில் பெரிய சாவிக் கொத்து. ஒவ்வொரு முறையும் என்னிடம் யாரோடு வந்தாய் என்று கேட்கிறார். எனக்கு முன்னால் போகிறவரைக் கேட்பதில்லை. போன மாதம், துப்புரவு ஆட்களுக்குப் பின்பக்கம் வழி என்று சொன்னார். நான் கோபத்தில் எழுதவில்லை. யாராவது அவரிடம் என் பெயரைச் சொல்லிவைத்தால் போதும்."

பழுப்புத் தொப்பி என் தலையில் இருந்தது.

முதலில் வேறு யாரோ என்றுதான் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன். இன்னொரு கிழவன் எங்கேயாவது நிற்கிறானா என்று யோசித்தேன். பின்பக்கம் வழி என்று சொன்னது நினைவுக்கு வந்தது. உதவியாகத்தான் சொன்னேன். கையில் வாளி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன்.

"அவ நல்ல பொண்ணுதான், நான் என்ன..." என்றேன். 

லிடியா நிறுத்தவில்லை. இரண்டாவதைத் திறந்தாள். ஆகஸ்ட் மாதக் கடிதம்.

"அன்புள்ள லிடியா, நேற்று கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நீலம் முப்பத்தொன்று, மஞ்சள் பதினெட்டு. மஞ்சளில் பதினொரு பேர் பெண்கள். மீதிப் பேரில் ஒருவர்கூட வெள்ளைக்காரர் இல்லை. என் பக்கத்தில் இருந்தவர் இரண்டு வருடமாக வருகிறாராம், இன்னும் மஞ்சள். எனக்கு முன்னால் இருந்தவர் அன்றுதான் முதல் முறை வந்தாராம், அவர் நீலம். கூட்டம் முடிந்ததும், நீலம் மட்டும் கொஞ்சம் இருங்கள் என்றார்கள். அடுத்த மாதம் யார் பேசுவது, யார் நடத்துவது, யாரைத் தலைமைக்குத் தயார் செய்வது எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான் முடிவாகிறதாம். முதல் நாள் வந்தவர் இருந்தார். நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்."

தொட்டிக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டுவார்த்தே அதை இறுக்கி மூடினான். மூடியதையே இன்னொரு தடவை மூடினான்.

"நீலம்னா இவ்வளவு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?" என்று கத்தினேன். "நம்ம ஆளுங்கன்னு சொன்னீங்க. அவ்வளவுதானே சொன்னீங்க!"

"நம்ம ஆளுங்க யாருன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றாள் லிடியா.

"முப்பத்தோரு வருஷம் வாசல்ல நின்னவன் நான். பாத்தா எனக்குத் தெரியாதா?"

"பச்சைத் தொப்பி கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டுலயும் சொல்வீங்களே, அப்பா. ஆலையில புதுசா வந்தவனுக்குப் பச்சைத் தொப்பி. மத்தவனுக்கு ஆறு மாசத்துல மாத்திடுவாங்க. தீவுக்காரனுக்கு மட்டும் மூணு வருஷம் மாத்தலை. போர்மேன் மூஞ்சியைப் பாத்தே முடிவு பண்ணினான்னு சொல்வீங்க. சொல்லிட்டு அழுவீங்க. அந்தத் தொப்பியைத்தான் ஆறு வருஷமா கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்துக்கிட்டிருந்தீங்களா?"

நான் உட்கார இடம் தேடினேன். காபிப் பொடிப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். அந்தப் போர்மேனின் பெயர் எனக்கு இன்னும் தெரியும். செத்துப்போய் இருபது வருடம் ஆகிறது. அவன்மேல் இருக்கும் கோபம் குறையவில்லை.

லிடியா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"வருஷா வருஷம் புலம்பினியே, தலைமைக்கு வேற மாதிரி ஆளே முன்வர மாட்டேங்கறாங்கன்னு. ஜூன்லயே உனக்குத் தெரியும் ஏன்னு."

"ரெண்டாவதைப் படிச்சப்பதான் புரிஞ்சுது" என்றான். "என்ன பண்ணச் சொல்றே? இவர்கிட்ட போய்ச் சொல்லவா? கதவுதான் இவருக்கு எல்லாம். சொன்னா அன்னிக்கே நின்னுடுவார். டிவி முன்னால உட்கார்ந்தே செத்துடுவார். அந்தப் பொண்ணு ரெண்டு மாசத்துல தானா வராம போயிடும்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் போனாங்க."

"லிடியா..."

"உனக்கு வசதியா இருந்துச்சு. என் படத்தை மாட்டி, என் பேர்ல அழுகையை வாங்கி, உன் பெட்டியில போட்டுப் பூட்டிட்டே."

நான் என் மகனைப் பார்த்தேன். எனக்காகச் செய்தானாம். எனக்கு அது இன்னும் கேவலமாக இருந்தது. என்னைச் சுமக்கிறானா, என்னைக் காட்டி ஒளிந்துகொள்கிறானா என்று எனக்குப் புரியவில்லை.

"மூணாவதை ஏன் திறக்கலை?" என்றாள்.

"திறக்கலை. அவ்வளவுதான். முதல் ரெண்டே போதும்னு விட்டுட்டேன்."

அவள் அதைத் திறந்தாள். இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. ஒரு முறை படித்து முடித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தாள். சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கா? என்னைப் பத்தியா?" என்றேன்.

போனை அணைத்துப் பையில் போட்டாள்.

"அப்பா, உங்க கண் ஆபரேஷன் எப்போ நடந்துச்சு?"

"எதுக்கு இப்போ?"

"எப்போப்பா?"

"செப்டம்பர். கூட்டத்துக்கு முந்தின நாள். அந்த மாசம் நான் வரலை."

"அன்னிக்குக் கதவுல யார் நின்னா?"

எனக்குத் தெரியாது. டுவார்த்தேயைப் பார்த்தேன். அவன் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தான். மடித்துவிட்டுப் பிரித்தான். நோட்டில் செப்டம்பர் என்று எழுதிவிட்டுக் காலியாக விட்டிருந்த இடம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த மாதமும் அவள் வந்திருக்கிறாள், ஸ்டிக்கர்தான் வாங்கவில்லை.

ஹாலில் மைக் அலறியது. "வணக்கம் வணக்கம். நேரம் ஆச்சு, ஆரம்பிச்சுடலாம். நீலம் போட்டவங்க மட்டும் கை தூக்குங்க. அடுத்த வருஷத்துக்குத் தலைவர் நான்தான், யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" ட்ரெவர்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

லிடியா அறையை விட்டு வெளியே போனாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, மேடை ஏறி, ட்ரெவர் கையிலிருந்த மைக்கைக் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். காபி தயார் என்று அறிவிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பான்.

"இன்னிக்கு ஓட்டு கிடையாது" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"என் பேர் லிடியா ஃபுர்ட்டாடோ. பலகையில நாலாவது படம். குறை இருந்தா எனக்கு எழுதுங்கன்னு போட்டிருக்கு. இருபத்தாறு மெயில் எழுதியிருக்கீங்க. நான் முதல் தடவையா இன்னிக்குத்தான் பாக்கறேன். எனக்கு வெக்கமா இருக்கு. எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் இங்க யாரும் தலைவர் ஆக முடியாது."

ட்ரெவர் மைக் இல்லாமலே பேசினான். "லிடியா, நீ சும்மா..."

"சும்மா என்ன? முழுசா சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"நூலகத்து ஃபாரத்துக்காகத்தானே உன் பேரைப் போட்டோம்!"

சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. அறுபது பேரும் அவனைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கீத் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான்.

"அந்த ஃபாரத்துல நான் தலைமைக் குழுவுல இருக்கேன்னு உங்க கையெழுத்தே இருக்கு" என்றாள் லிடியா. "ரொம்ப நன்றி. இப்போ எல்லாரும் ஸ்டிக்கரைக் கழட்டிடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கூடுவோம். அன்னிக்கு வர்ற எல்லாருக்கும் ஓட்டு. நிக்கணும்னு நினைக்கிறவங்க யாரா இருந்தாலும் எனக்கு எழுதுங்க. இந்தத் தடவை நான்தான் படிப்பேன்."

சிலர் உடனே கழற்றினார்கள். சிலர் நீலத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் தன் மஞ்சளைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த தாடிக்காரன் தோளில் ஒட்டினாள். அவன் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான்.

ராஹ்வா சுவரோரம் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். போகவில்லை.

லிடியா மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள். கையை நீட்டினாள்.

"சாவி, அப்பா."

"வீட்டுக்குப் போய்..."

"இப்போ."

கொத்திலிருந்து அந்த ஒரு சாவியைக் கழற்ற எனக்கு நேரம் பிடித்தது. வளையம் இறுகிப்போயிருந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு வரவில்லை. வராததுதான் சரி.

ராஹ்வா அருகில் வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தொப்பியைக் கழற்றினேன்.

"ராஹ்வா" என்றேன். 

"பேர் சரியாத்தான் சொல்றீங்க" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

லிடியா அவளை அழைத்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். வாசலில் திரும்பி என்னை நிறுத்தினாள்.

"மூணாவதுல என்ன இருக்கு, லிடியா? யாரு அவன்? எனக்கு மட்டும் சொல்லு. நான் உன் அப்பா."

"அதனாலதான் சொல்ல முடியாது."

"டுவார்த்தேவா? உன் கூடப் பிறந்தவனா? சொல்லு!"

"அப்பா, இது அவங்க எனக்கு எழுதினது. இனிமே இது என் வேலை."

கதவு மூடியது. உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. என் சாவி.

திரும்பிப் பார்த்தேன். ஹாலில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ட்ரெவர் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். டுவார்த்தே அவன் பின்னால் ஓடினான். வாசல் அருகே அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று கேட்டான். எனக்குக் கேட்டது.

"செப்டம்பர்ல நான் உன்னை நம்பித்தானேடா கதவுல நிறுத்திட்டுப் போனேன்?"